சிறுவயதுக் குடியைத் தடுக்க: பிள்ளையிடம் சத்தியமா, பெரியவர்களிடம் ஒப்பந்தமா?

ஒரு வழிபாட்டுக் குழுவோ குடியிருப்போர் சங்கமோ "நம்ம பிள்ளைங்க குடிக்க ஆரம்பிச்சிட்டாங்க, ஏதாவது செய்தாகணும்" என்று கூடி உட்கார்ந்தால் வழக்கமாக ஐந்து யோசனைகள் எழும். பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்கலாம். யாரையாவது அழைத்து விழிப்புணர்வுக் கூட்டம் போடலாம். விளையாட்டு, இசை என்று அவர்கள் பொழுதை நிரப்பலாம். பெற்றோரைக் கூட்டிப் பேசலாம். மது அவர்கள் கைக்கு வந்து சேரும் வழியை அடைக்கலாம். ஐந்துமே நல்ல எண்ணத்தில் வருபவைதான். ஆனால் குழுவிடம் இருப்பது வாரத்தில் ஒரு மாலைப் பொழுது, ஓரளவு தொண்டர்கள், சொற்பப் பணம். ஐந்தையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் ஒன்றும் உருப்படியாக நடக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் செய்ய வேண்டியவை கடைசி இரண்டும். பெரும்பாலான குழுக்கள் செய்துகொண்டிருப்பதோ முதல் இரண்டை.

எதை வைத்து ஒப்பிடுவது? எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை வைத்து அல்ல. பிள்ளைகள் முதல் முறை குடிக்கும் வயது தள்ளிப்போகிறதா என்பதுதான் கேள்வி. 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்கும் பிள்ளைகளின் வீட்டுச் சூழலுக்கும் இதில் பங்கு உண்டு, எல்லாப் பழியையும் வயதின் மேல் போட முடியாது. இருந்தாலும் மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு. ஒவ்வோர் ஆண்டு தள்ளிப்போவதும் லாபம்.

உறுதிமொழி

மதக்குழுக்களுக்கு மிகப் பழக்கமான வழி இது. இதன் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 1838-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்ற பாதிரியார் மதுவிலக்கு உறுதிமொழி வாங்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் மக்கள் அவர் முன் மண்டியிட்டு உறுதி எடுத்தார்கள். நாட்டில் மது விற்பனையே சரிந்தது. ஆனால் அந்த இயக்கம் பெருமளவு ஒரே மனிதரின் மேல் நின்றது. பஞ்சம் வந்தது, அவர் உடல்நலம் குன்றினார், அலை அடங்கிவிட்டது. 1898-இல் டப்ளினில் ஜேம்ஸ் கல்லன் தொடங்கிய பயனியர் சங்கமும் உறுதிமொழியைத்தான் நம்பியது. ஆனால் அதில் கிளைகள், கூட்டங்கள், சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னம், கூட நடக்க ஆட்கள் எல்லாம் இருந்தன. அது நூற்றாண்டைக் கடந்து நின்றது. 1847-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பேண்ட் ஆஃப் ஹோப் இயக்கமும் கையெழுத்தோடு நிற்கவில்லை. பாட்டும் கூட்டமும் என்று பிள்ளைகளைச் சேர்த்தே வைத்திருந்தது.

அதாவது உறுதிமொழி வேலை செய்த இடங்களிலெல்லாம் அதைச் சுமந்த ஒரு கூட்டம் பின்னால் இருந்திருக்கிறது. ஒரு நாள் மேடையில் வலது கையை உயர்த்திச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் உறுதிமொழிக்கு அந்தப் பலம் கிடையாது.

இன்னொரு சிக்கல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மத ஈடுபாடுள்ள பிள்ளைகள் சராசரியாகக் குறைவாகவே குடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அப்படியானால் உறுதிமொழிக்கு முன்வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்கனவே ஆபத்து குறைந்தவர்கள். ஆபத்து அதிகமுள்ளவர்கள் வெளியே நிற்கிறார்கள். இனி, உறுதி எடுத்த பிள்ளை ஒரு நாள் தவறிவிட்டால்? எல்லார் முன்னாலும் சத்தியம் செய்த பிள்ளை யாரிடமும் வாய் திறக்காது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நண்பன் வீட்டு மாடியில் மயங்கிக் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட இருக்கும் பிள்ளைகள் "பெரியவங்களுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம், தூங்கி எழுந்தா சரியாகிடும்" என்று போர்வையைப் போர்த்திவிடுவார்கள். அது சரியாகாது. குடித்து முடித்த பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் குறைவு, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் 10 வினாடிக்கு மேல் இடைவெளி, உடல் சில்லிட்டு உதடு நீலம் பாரித்திருக்கிறது: இதில் எது தெரிந்தாலும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படி உதவிக்கு அழைக்கும், சட்டப்படி குடிக்கும் வயதை எட்டாத பிள்ளை மீது குடித்ததற்காக வழக்குப் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உறுதிமொழி வாங்கும் குழு, "உதவிக்குக் கூப்பிட்டவங்களை அன்னைக்கு யாரும் திட்ட மாட்டோம்" என்று தானும் ஓர் உறுதிமொழி கொடுக்கட்டும். அதற்குத் தயாரில்லை என்றால் பிள்ளைகளிடம் உறுதிமொழி கேட்பதையும் விட்டுவிடலாம்.

விழிப்புணர்வுக் கூட்டம்

இதற்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் காவல் அதிகாரிகள் வகுப்பறைக்கே போய்ப் போதையின் தீமைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்கா முழுக்கப் பரவியது. பெற்றோருக்குப் பிடித்தது, பள்ளிகளுக்குப் பிடித்தது, காவல்துறைக்கும் பிடித்தது. பிள்ளைகளின் பழக்கத்தில் நீடித்த மாற்றம் எதுவும் இல்லை என்று ஆய்வுக்குப் பின் ஆய்வு சொன்னது. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். பல வாரங்கள் நடந்த திட்டத்தின் கதியே இது என்றால், ஒரே நாள் உரையிடம் என்ன எதிர்பார்ப்பது? செலவு குறைவு, கூட்டம் சேரும், படம் எடுத்துப் போடலாம் என்பதால்தான் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

பொழுதை நிரப்புவது

இங்கே பேச்சு மாறுகிறது, ஏனென்றால் ஐஸ்லாந்து இருக்கிறது. அங்கே 1998-இல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதையாகும் அளவு குடித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். விளையாட்டு, இசை, நடன வகுப்புகளுக்கு அரசுப் பணம் கொடுத்ததைத்தான் எல்லோரும் இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அது பாதிக் கதை. கூடவே பெற்றோர் பள்ளிவாரியாக ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டார்கள். மாலையில் பெற்றோர் குழுவாகத் தெருக்களில் நடந்து போய்ப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மது வாங்கும் வயது அங்கே 20. வேறு பல நாடுகளிலும் இதே காலத்தில் சிறுவயதுக் குடி குறைந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் இவ்வளவு பெரிய சரிவு எளிதில் காணக் கிடைப்பதில்லை.

ஆக ஐஸ்லாந்தைக் காட்டி "ஒரு கால்பந்து அணி ஆரம்பிச்சா போதும்" என்று சொல்வது தவறு. அணியில் சேர்ந்து விளையாடும் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகக் குடிப்பதாகவே பல ஆய்வுகள் சொல்கின்றன. வெற்றிக் கொண்டாட்டம், மூத்த ஆட்டக்காரர்கள், மதுக் கம்பெனியின் பெயர் போட்ட சட்டை என்று அதற்குக் காரணங்கள் உண்டு. சுவீடனில் பையன்களை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு, பெரியவர் வழிநடத்தல் இல்லாமல் சும்மா கூடிப் பொழுதுபோக்கும் இளைஞர் மையங்களுக்குப் போனவர்கள் பின்னாளில் குற்றங்களில் சிக்குவது அதிகமாக இருந்ததைக் கண்டது. ஒரு கேரம்போர்டும் நாலு நாற்காலியும் போட்டுவிட்டுச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுப்பதைவிட அந்த அறையைப் பூட்டி வைப்பதே மேல். பொழுதை நிரப்புவதென்றால் பயிற்சியாளர் வேண்டும், கால அட்டவணை வேண்டும், போட்டி முடிந்த பின்னும் ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். இது பணம் பிடிக்கும் வழி. பணமும் ஆளும் உள்ள குழுவுக்குச் சரி.

பெற்றோர்

"வெளியே போய்க் கெட்டுப்போவதற்கு நம்ம கண் முன்னால கொஞ்சம் குடிக்கட்டும், அளவோடு பழகிக்கும்" என்று நம்பும் பெற்றோர் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். படித்தவர்களிடம் இந்த எண்ணம் இன்னும் உறுதி. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து, 2018-இல் வெளியான ஆய்வு இந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்றது. பெற்றோரே மது கொடுத்துப் பழக்கிய பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிக்கத் தொடங்குவதுதான் அதிகமாக இருந்தது. கொடுப்பதைப் பாதுகாப்பு என்று நினைத்தார்கள், அது அனுமதியாகப் போய்ச் சேர்ந்தது.

இந்த ஒரு செய்தியைப் பெற்றோரிடம் கொண்டுபோக மதக்குழுவைவிட நல்ல இடம் கிடையாது. பள்ளி அழைத்தால் வராத பெற்றோர் வழிபாட்டுக்கு வருகிறார்கள். பத்து, பதினைந்து வருடங்களாக ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பிள்ளைகளிடம் ஒழுக்கம் பேசும் அதிகாரத்தைத்தான் மதக்குழுவின் பலமாக நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்பதுதான் அதன் உண்மையான பலம்.

எப்படிச் செய்வது? இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சோதிக்கப்பட்ட, 10 முதல் 14 வயது வரை உள்ளவர்களின் குடும்பங்களுக்கான திட்டம். ஏழு வாரம், வாரம் இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் இன்னோர் அறையில். அடுத்த மணி நேரம் எல்லோரும் சேர்ந்து. அயோவாவில் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பலன் தெரிந்தது. வேல்ஸிலும் போலந்திலும் இதே திட்டத்தைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஊர் மாறினால் அப்படியே இறக்கி வைக்க முடியாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று எளிது: பெற்றோர் ஒப்பந்தம். ஒரு வகுப்பு அல்லது ஒரு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை மட்டும் ஓர் அறையில் உட்கார வையுங்கள். பேச்சு தொடங்கியதும் ஒரு தாய் சொல்வார்: "மத்த வீட்ல எல்லாம் விடுறாங்க, நீ மட்டும்தான் இப்படின்னு சொல்றான்." பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அவர் வீட்டிலும் அதே வசனம்தான். அந்த 'மத்த வீடு' யாருடையது என்று தேடினால் அறையில் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தின் பாதி வேலை அந்த நிமிடத்திலேயே முடிந்துவிடும். மீதியை எழுதிக்கொள்ளலாம். பெரியவர் இல்லாத வீட்டில் விருந்து இல்லை. அடுத்தவர் பிள்ளைக்கு நம் வீட்டில் மது கிடைக்காது. பிள்ளை இன்னொரு வீட்டில் இரவு தங்குகிறதென்றால் போன் போட்டுக் கேட்போம், கேட்பவரைத் தப்பாக நினைக்க மாட்டோம். வீட்டில் உள்ள பாட்டில்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும். எந்த நேரம் கூப்பிட்டாலும் போய் அழைத்து வருவோம், திட்டுவதெல்லாம் மறுநாள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும்.

வழியை அடைப்பது

வயது பார்க்காமல் விற்கும் கடைதான் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படும். அதைக் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் அமெரிக்கக் கணக்கெடுப்புகளின்படி சட்டப்படியான வயதுக்கு முன்பே குடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் காசு கொடுத்து வாங்குவதே இல்லை. வயது வந்த நண்பன், அண்ணன், உறவினர், வீட்டு அலமாரி என்று சும்மாவே கிடைத்துவிடுகிறது. 1990-களில் மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் 15 சமூகங்களை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. அமைப்பாளர் ஒருவர் ஊரில் பலரையும் தனித்தனியாகச் சந்தித்துப் பேசுவார், ஒரு குழு உருவாகும், எந்தக் கதவை அடைப்பது என்று அந்தக் குழுவே முடிவு செய்யும். சொற்பொழிவு எதுவும் இல்லை. 18 முதல் 20 வயது வரை உள்ளவர்கள் மற்ற பதின்பருவத்தினருக்கு மது கொடுப்பது குறைந்தது. ஒக்லஹோமாவில் செரோக்கி பழங்குடியினர் பகுதியில் இதே முறையைச் செய்து பார்த்து 2017-இல் வெளியிட்ட முடிவிலும் பதின்பருவத்தினரின் குடி குறைந்திருந்தது.

இந்த வழியில் மதக்குழுவைவிடப் பொதுச் சங்கங்களுக்கு ஒரு வசதி உண்டு. கடைக்காரரிடமோ அதிகாரியிடமோ அவர்கள் போய்ப் பேசினால் அது மதப் பிரசாரமாகத் தெரியாது. பல மதத்தாரும் மதம் சாராதவரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. 1997-இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் நிதி கேட்கும் ஊர்க் கூட்டணிகளில் பெற்றோர், பள்ளி, காவல்துறை, வணிகர், மத அமைப்பு என்று 12 தரப்பினர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஆனால் முதலில் தங்கள் மண்டபத்தையே பார்க்கட்டும். குழுவின் இடத்தில் நடக்கும் விருந்துகளில் மது பரிமாறப்படுகிறதா? விழா நன்கொடையாளர் பட்டியலில் மது விற்பவர் இருக்கிறாரா? பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கிறார்கள்.

சரி, எந்தக் குழு எதை எடுப்பது? வாரம் ஒரு மாலை மட்டுமே உள்ள சிறிய வழிபாட்டுக் குழு பெற்றோர் ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்யட்டும். கடைத்தெருவிலும் அலுவலகங்களிலும் செல்வாக்குள்ள குடியிருப்போர் சங்கம் வழியடைப்பை எடுக்கலாம். சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளர் வைக்க முடிந்தவர்கள் விளையாட்டுக்குப் போகலாம், பெற்றோர் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. எந்தக் குழுவானாலும், ஏற்கனவே குடிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளையையும் அதன் பெற்றோரையும் எந்த மருத்துவரிடம், எந்த ஆலோசகரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்திருக்க வேண்டும். முதல் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது, யாராவது ஒருவர் தயங்கியபடி பின்தங்கி நின்று அதைத்தான் கேட்பார்.