"வேலையோடு பயிற்சி" என்று 85,000 ரூபாய் வாங்கினார்கள்: திருகோணமலைப் பிள்ளைகள் காசு கட்டமுதல் இதை வாசியுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்து, கம்பஸ் கிடைக்காமல், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் தங்கச்சி தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அம்மா அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள், கடைசியில் காசு கட்டுவது அவர்கள்தானே.

2024 பெப்ரவரியில் வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. பாடசாலையில் பிள்ளைகளுக்கு நடத்தைச் சிகிச்சை கொடுக்கும் வேலை, அதாவது பிஹேவியர் தெரப்பி. ஆறு மாதம் வேலை செய்துகொண்டே பயிற்சி, மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகை, முடிவில் அமெரிக்காவின் ஆர்.பி.டி. (ரெஜிஸ்டர்ட் பிஹேவியர் டெக்னீஷியன்) சான்றிதழ், அதை வைத்துக்கொண்டு கொழும்பிலோ கட்டாரிலோ வேலை எடுக்கலாம் என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்கும், பெரியம்மாவின் மகனுக்கும் ஓட்டிசம் இருக்கிறது, அவனை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் வீடே தவித்ததைக் கண்டிருக்கிறேன். அதனால் அந்த விளம்பரம் எனக்காகவே எழுதியது போல இருந்தது.

டவுனில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைதான் அவர்களின் நிறுவனம். பதிவுக்கு 10,000, அதற்கு ரிசீட் தந்தார்கள். பிறகு 50,000, அதை ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னார்கள். கடைசியாக "வெளிநாட்டுச் சோதனைக் கட்டணம்" என்று 25,000 கையில் வாங்கினார்கள், அதற்கு ஒரு துண்டும் இல்லை. அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது அந்த 50,000க்காக.

வகுப்பு இரண்டே நாள். திரையில் ஆங்கிலத்தில் ஓடிய ஸ்லைட்டுகளை அந்த நிறுவனத்தின் சேர் தமிழில் வாசித்துச் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் என்னையும் இன்னொரு பிள்ளையையும் ஒரு தனியார் பாடசாலையின் விசேட தேவைப் பிரிவில் கொண்டுபோய் விட்டார்கள். ஏற்கெனவே இருந்த மிஸ் அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டா. ஆக ஒன்பது பிள்ளைகளும் நாங்கள் இரண்டு பேரும்தான். எங்களைப் பார்த்துத் திருத்த, செய்து காட்ட ஒருவரும் இல்லை. சேர் மாதம் ஒருமுறை வருவார், போட்டோ எடுப்பார், போய்விடுவார்.

இதில் ஒரு பிள்ளையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பையன், பேச்சு வரவில்லை. திடீரென்று தன் மணிக்கட்டைக் கடிப்பான். நான் பயந்துபோய்ச் சேருக்குப் போன் எடுத்தேன். "அது உங்கட கவனத்தை எடுக்கச் செய்யிறான், கண்டுகொள்ளாதீங்க, தானா நிக்கும்" என்றார். பிள்ளையை ஒரு நாள்கூடப் பார்க்காமல் சொன்ன பதில் அது. நான் மூன்று நாள் கண்டுகொள்ளாமல் இருந்தேன். நாலாம் நாள் அவன் கையில் பல் பதிந்த இடம் ஊதாவாகக் கன்றியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பிறகு அந்த ஸ்லைட்டில் இருந்த ஒரே ஒரு உருப்படியான விஷயத்தைச் செய்து பார்த்தேன். ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு கீறி, எத்தனை மணி, கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுதினேன். எட்டு நாளில் பதினேழு தடவை கடித்திருந்தான். அதில் பதினான்கு தடவை, பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து சத்தமாக வாய்ப்பாடு சொல்லத் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்குள். கவனம் எடுக்க இல்லை, அந்தச் சத்தம் அவனால் தாங்க முடியவில்லை! அடுத்த நாளிலிருந்து வாய்ப்பாடு தொடங்க முன்னமே அவனை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் அங்கேயே கட்டைகளை அடுக்கவிட்டேன். அந்த வாரம் முழுவதும் கடித்தது இரண்டே தடவை.

ஓடிப்போய்ச் சேரிடம் கொப்பியைக் காட்டினேன். "இதெல்லாம் எழுதத் தேவையில்ல, பேரன்ட்ஸுக்கு ரிப்போர்ட் நான்தான் குடுப்பன்" என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது, பெற்றோரிடமிருந்து "தெரப்பி" என்று மாதாமாதம் தனியாகக் காசு வாங்குகிறார்கள், அந்தத் தெரப்பியைக் கொடுப்பது இரண்டு நாள் படித்த நான். அந்தப் பையனின் அம்மா என்னைத் "தெரப்பிஸ்ட் மிஸ்" என்றுதான் கூப்பிடுவா. நான் பிறகு வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லி, கொப்பியின் போட்டோகொப்பியையும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குக்கர் விசில் வரேக்கையும் இவன் கையக் கடிக்கிறவன் மிஸ், நாங்கள் பிடிவாதம் எண்டு நினைச்சு அடிச்சிருக்கிறம்" என்றா.

உதவித்தொகை முதல் மாதம் மட்டும் வந்தது. ஆறாம் மாதம் லமினேட் செய்த ஒரு அட்டை கிடைத்தது, அதில் அமெரிக்கக் கொடியும் "40 மணித்தியாலப் பயிற்சி" என்றும் இருந்தது. கொழும்பில் ஒரு இடத்துக்கு விண்ணப்பித்தபோது, "உங்கட சுப்பவைசர் யார், அவருக்கு என்ன தகைமை, எத்தனை மணித்தியாலம் உங்களைப் பார்த்தவர்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் கனடாவில் இந்தத் துறையிலேயே வேலை செய்யும் ஒரு அக்கா விளக்கமாகச் சொன்னா. ஆர்.பி.டி. என்பது அமெரிக்காவின் பிஹேவியர் அனலிஸ்ட் செர்ட்டிபிகேஷன் போர்ட் கொடுக்கும் சான்றிதழ். அதற்கு 40 மணித்தியாலப் பயிற்சி முதல் படி மட்டும்தான். பிறகு தகுதியுள்ள ஒருவர் நம்முடைய வேலையைப் பார்த்து மதிப்பிட வேண்டும், அதன் பிறகு 85 கேள்விச் சோதனை. சான்றிதழ் கிடைத்த பிறகும் மாதாமாதம் வேலை செய்யும் நேரத்தில் குறைந்தது 5 வீதம் மேற்பார்வையோடு இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், 2023 ஜனவரியிலிருந்து இலங்கையில் வசிப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. நான் காசு கட்டியது 2024இல். என்னிடம் வாங்கிய 25,000 எந்தச் சோதனைக்கு?

நல்ல வேலைத்தளப் பயிற்சி எப்படி இருக்கும் என்றும் அந்த அக்காவிடம் கேட்டேன். முதலில் சொல்லிக் கொடுப்பார்கள், அப்புறம் செய்து காட்டுவார்கள், நம்மைச் செய்ய விட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், எங்கே பிழை என்று உடனே சொல்வார்கள், சரியாக வரும்வரை திரும்பச் செய்விப்பார்கள். பிள்ளையோடு தனியே விடுவது அதற்குப் பிறகுதான். ஆகவே யாராவது "வேலையோடு பயிற்சி" என்றால், என் வேலையைப் பார்த்துத் திருத்தப் போவது யார், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று முதல் நாளே கேளுங்கள். பெயரும் தகைமையும் எழுத்தில் தராவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். இலங்கையில் தொழிற்பயிற்சி நடத்தும் தனியார் நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும், பதிவு இலக்கத்தைக் கேட்டு அவர்களுடைய இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். நிறுவனம் பதிவு என்றால் பாடநெறிக்கும் அங்கீகாரம் இருக்கிறது என்று அர்த்தமில்லை, இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தனியாள் கணக்குக்குக் காசு போடச் சொன்னால் போடாதீர்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கடிக்கிறான், அடிக்கிறான் என்றால், தெரப்பி செய்பவரிடம் "எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒன்றும் எழுதாமல் தெரப்பி செய்கிறோம் என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். பிள்ளையைக் காயப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் 1929க்கு எடுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம்.

மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 10,000க்கு ரிசீட், 50,000க்கு வங்கிச் சீட்டு, 25,000க்கு வட்ஸ்அப்பில் சேர் அனுப்பிய ஒரு குரல்பதிவு, இவ்வளவுதான் கையில் இருப்பவை. என்னோடு சேர்ந்த மற்றவர்கள் இதைப் பார்த்தால் அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள், சேர்ந்து போவோம். அடுத்த மாதம் புதிய பட்ச் எடுக்கிறார்களாம், வேறு பெயரில், அதே விளம்பரம். நேற்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிள்ளை அதைக் கொண்டுவந்து, "அக்கா, இது நல்லமா?" என்று என்னிடம் கேட்டாள்.