தோற்காதவரா, தோற்று மீண்டவரா? குத்துச்சண்டையில் பெரியவர் யார்

சுங்கை சிப்புட் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் குத்துச்சண்டைப் பேச்சு எழுந்தால், தேத்தண்ணி ஆறிப்போகும் வரை மூன்று கட்சிகள் மோதிக்கொள்ளும். பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு முகமது அலியை விட்டால் வேறு ஆள் கிடையாது. 1975 ஜூலை 1ஆம் தேதி காலை, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை எதிர்த்து அவர் 15 சுற்றுகள் ஆடி வென்றதை இன்றைக்கும் சொந்த வீட்டு விசேஷத்தைப் போலப் பேசுவார்கள். ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் நடுவயதினர் மேனி பாக்கியாவின் பக்கம். அவரும் 2018இல் புக்கிட் ஜாலிலுக்கு வந்து லூக்காஸ் மத்தீசை ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். இளையவர்களோ கைப்பேசியை நீட்டி, "மாமா, ஐம்பது சண்டை, ஐம்பது வெற்றி. மேவெதருக்கு மேல் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி நியாயமானதுதான். தோல்வியே காணாத கணக்கு என்பது மிகவும் தெளிவான அளவுகோல். ஆனால், அது ஒருவர் எத்தனை முறை வென்றார் என்பதைச் சொல்லுமே தவிர, யாரை, எந்த நிலையில், எந்த வயதில் வென்றார் என்பதைச் சொல்லாது. ஃபிளாய்டு மேவெதரின் ஐம்பதாவது வெற்றி, அதற்கு முன் தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒருமுறைகூட இறங்காத கோனர் மெக்ரெகருக்கு எதிராகக் கிடைத்தது. 2009இலேயே பேச்சுவார்த்தை தொடங்கிய பாக்கியாவ் சண்டை, இருவரும் தங்கள் உச்சத்தைக் கடந்த பிறகு 2015 மே மாதத்தில்தான் நடந்தது. தற்காப்பில் மேவெதருக்கு இணையானவர் அவர் காலத்தில் எவருமில்லை என்பதையும், முதல் சண்டையில் பெரும் தொல்லை கொடுத்த ஹோசே லூயிஸ் காஸ்டில்லோவை 2002ஆம் ஆண்டு முடிவதற்குள் மீண்டும் சந்தித்து வென்றார் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும், தோல்விக் கணக்கில் நிற்கும் அந்தச் சுழியம் அவருக்கே ஒரு சொத்தாகி, அதைக் காப்பதே ஆட்டமாகிவிட்டது என்பதே என் கருத்து.

49 சண்டைகளில் 49 வெற்றி கண்ட ராக்கி மார்சியானோவின் பெருமையும் அந்த எண்ணில் இல்லை. 1951இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிசுக்கு அப்போது 37 வயது. ஓய்வுபெற்றுத் திரும்பி வந்திருந்த பழைய மாவீரர் அவர். மார்சியானோவைப் பார்க்க வேண்டிய இடம் 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் நடந்த சண்டை. முதல் சுற்றிலேயே கீழே விழுந்தார். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாவது சுற்றில், கயிற்றோரம் ஒதுங்கிய வால்காட்டின் தாடையில் குறுகிய தூரத்திலிருந்து இறங்கிய ஒரே வலக்கைக் குத்தில் பட்டம் கைமாறியது. தோல்வியின் விளிம்பில் நின்ற அந்த ஒரு சுற்று எனக்கு 49 என்ற எண்ணைவிடப் பெரியது.

குத்தின் வலிமையை மட்டும் அளவாக எடுப்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. இருபது வயதில் உலகப் பட்டம் வென்ற மைக் டைசனைப் போல அச்சம் விளைவித்தவர் குறைவு. ஆனால் 1990இல் தோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அந்த அச்சத்தைப் பொருட்படுத்தாதபோது, டைசனிடம் இரண்டாவது திட்டம் இருக்கவில்லை.

என் அளவுகோலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஒரு வீரரின் சிறந்த ஆயுதம் செல்லாமல் போகும் நாளில், தனக்கு நிகரான அல்லது தன்னினும் வலிய எதிரியின் முன்னால் அவர் வேறு என்ன செய்கிறார் என்பதே அது.

இந்த அளவில் பாக்கியாவ் மிக உயரத்தில் நிற்கிறார். சுமார் 51 கிலோ வரம்புள்ள பிரிவில் 1998இல் பட்டம் வென்றவர், 2010க்குள் 70 கிலோ வரம்பை ஒட்டிய பிரிவு வரை எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் பெற்றார். வேறெவரும் செய்யாத செயல் அது. ஆனால் அதைவிட என்னைக் கவர்வது எரிக் மொராலசுடனான மூன்று சண்டைகள். 2005 மார்ச்சில் பாக்கியாவ் தோற்றபோது அவர் பெரும்பாலும் ஒற்றைக் கை வீரர். இடக்கையைத் தவிர்க்கத் தெரிந்தவருக்கு அவரைச் சமாளிக்க வழி இருந்தது. பயிற்சியாளர் ஃபிரெடி ரோச்சுடன் சேர்ந்து வலக்கையையும் ஆயுதமாக்கிக்கொண்டு திரும்பி வந்தவர், 2006 சனவரியில் பத்தாவது சுற்றிலும், அதே ஆண்டு நவம்பரில் மூன்றாவது சுற்றிலும் மொராலசை முடித்துவைத்தார். தோல்வி அவருக்கு இரண்டாவது கையைக் கொடுத்தது. எனினும் ஹுவான் மானுவல் மார்க்கேசுக்கு மட்டும் நான்கு சண்டைகளிலும் அவர் முழு விடை காணவில்லை. நான்காவதில், 2012இல், ஆறாவது சுற்றில் முகங்குப்புற விழுந்தார்.

அலியின் சான்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்த சண்டை. 1974 அக்டோபரில் அவர் சந்தித்த ஜார்ஜ் ஃபோர்மன் 40 சண்டைகளிலும் வென்றவர். அலியைத் தோற்கடித்த ஃபிரேசியர், நார்ட்டன் இருவரையும் இரண்டிரண்டு சுற்றுகளில் நொறுக்கியவர். முதல் சுற்றில் அலி ஜேப் (முன்னிற்கும் கையால் விடும் வேகமான நேர்க்குத்து) கூட இல்லாமல் நேரடியாக வலக்கையை வீசிப் பார்த்தார். ஃபோர்மன் அசையவில்லை, அலி நகரும் பக்கமெல்லாம் குறுக்கே புகுந்து வழிமறித்தார். ஓடி ஆடினால் கால்கள் பாதியிலேயே ஓய்ந்துவிடும் என்று கணக்கிட்ட அலி, இரண்டாவது சுற்றிலிருந்து தாமே கயிற்றில் சாய்ந்து, அடிகளைக் கைகளில் வாங்கி, எதிரியைக் களைக்கவைத்து எட்டாவது சுற்றில் சாய்த்தார். பக்னரை வென்ற மூன்றாவது மாதத்தில் மணிலாவில் ஃபிரேசியருடன் 14 சுற்றுகள் தாங்கியதும் அதே மனவலிமைதான். நம் ஊர்ப் பெரியவர்கள் கோலாலம்பூர்ச் சண்டையைக் கொண்டாடுவது பாசத்தால். ஆட்டமாக மட்டும் பார்த்தால், அது இவ்விரண்டுக்கும் நடுவே வந்த சாதாரணச் சண்டை.

இருந்தும் என் முதலிடம் சுகர் ரே ராபின்சனுக்கே. இங்கே அவர் பெயரைச் சொன்னால் பலர் புருவம் உயர்த்துகிறார்கள். அவர் உச்சத்தில் இருந்த வெல்ட்டர் எடை (சுமார் 67 கிலோ வரம்பு) காலத்துப் படச்சுருள்கள் மிகக் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். அவருடைய கணக்கில் 19 தோல்விகள் உண்டு. அவற்றைக் குறையாகப் பார்க்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். 1943 பிப்ரவரி 5ஆம் தேதி, தம்மைவிடக் கனமான ஜேக் லமோட்டாவிடம் முதல் தோல்வியைக் கண்டார். அதே மாதம் 26ஆம் தேதி அவரையே வென்றார். 1951 ஜூலையில் இலண்டனில் ராண்டி டர்ப்பினிடம் பட்டத்தை இழந்தார். செப்டம்பரில், புருவம் கிழிந்து இரத்தம் வழிய, பத்தாவது சுற்றில் அதை மீட்டார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 1957 மே 1, சிக்காகோ. சனவரியில் தம்மைத் தோற்கடித்த ஜீன் ஃபுல்மரை ராபின்சன் மீண்டும் சந்திக்கிறார். அவருக்கு 36 வயது நிறைய இரண்டே நாள். ஃபுல்மரை அதுவரை எவரும் நாக்-அவுட் செய்ததில்லை. ஐந்தாவது சுற்றில் ராபின்சன் வலக்கையை உடம்புக்கு விடுகிறார். ஃபுல்மரின் கவனம் கீழே இறங்குகிறது. அந்த நொடியில், பின்னால் நகர்ந்துகொண்டே, இடக்கை ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) ஒன்று தாடையில் பாய்கிறது. பின்வாங்குபவரின் குத்தில் வலுவிருக்காது என்பது பயிற்சிக்கூடத்தின் முதல் பாடம். அந்தப் பாடமே அன்று பொய்த்தது. குத்துச்சண்டை பழக விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது இந்தச் சில நொடிகளைத்தான்.

ராபின்சனுக்கு எதிராகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் காலத்தில் பலரும் தவிர்த்த சார்லி பர்லியோடு அவர் மோதவே இல்லை. அலியோ தம் காலத்துப் பெரிய கனரக வீரர்களில் ஏறக்குறைய எவரையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அலியை முதலில் வைப்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

தோல்வியே இல்லாதவர்கள் இந்த அளவுகோலில் தேற முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 மே மாதத்தில் ஒலெக்சாண்டர் உசிக், தம்மைவிட மிக உயரமும் எடையும் கொண்ட டைசன் ஃபியூரியிடம் நடுச் சுற்றுகளில் திணறி, ஒன்பதாவது சுற்றில் அவரை நிலைகுலையச் செய்து வென்றார். டிசம்பரில் மறுபடியும் வென்றார். கைப்பேசியை நீட்டும் தம்பிகளுக்குச் சுழியம்தான் வேண்டுமென்றால், மேவெதருக்கு முன்னால் உசிக்கின் பெயரைச் சொல்லட்டும்.