ஒன்பது வருடமாக என் தோளில் கிடக்கும் தோல் பை

2016 பெப்ரவரியில் சென்னை பெரியமேட்டில் இந்தத் தோள்பையை வாங்கினேன். அப்போது வெளிறிய பிஸ்கட் நிறம். இப்போது கித்துள் பாணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. கை அதிகம் படும் மூடியின் ஓரம் இன்னும் கருத்து, எண்ணெய் பூசியது போல மினுங்குகிறது. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலிலும், ரயில் தவறினால் 100, 101 பஸ்களிலும் ஒன்பது வருடம் என்னோடு வந்துபோன பை. மடிகணினி, சோற்றுப் பெட்டி, குடை எல்லாவற்றையும் சுமந்திருக்கிறது. ஒரு தடவை தையல் விட்டது, ஒரு தடவை பூஞ்சணம் பிடித்தது, மழையில் நனைந்ததற்குக் கணக்கில்லை.

பையைப் பார்ப்பவர்கள் நல்ல தோலை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் கேட்பார்கள். கொழும்பில் அதை எப்படி வைத்திருப்பது என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிது. இருந்தாலும் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதில் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன்.

2013இல் புறக்கோட்டையில் ஒரு கடையில் 2,500 ரூபாவுக்கு ஒரு கறுப்புப் பை எடுத்தேன். உள்ளே 'ஜெனுயின் லெதர்' என்று பொன் எழுத்தில் முத்திரை. பதினான்கு மாதத்தில் மடிப்புகளில் வெடித்தது. பிறகு வெயில் பட்ட தோல் உரிவது போல ஏடு ஏடாக உரிந்து, சேர்ட்டிலெல்லாம் கறுப்புத் துகள் ஒட்டியது. உரிந்த இடத்தில் தெரிந்தது துணி நெசவு. அது துணிமேல் ஒட்டிய பொலியூரித்தேன் என்ற பிளாஸ்ரிக் படலம். அந்தப் பூச்சைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல மெல்லச் சிதைக்கும். பாவிக்காமல் அலுமாரியில் வைத்தாலும் உரியும். எங்கள் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம்.

முத்திரை உண்மையாகவே இருந்திருந்தாலும் அது பெரிதாக எதையும் சொல்லியிருக்காது. 'ஜெனுயின் லெதர்' என்றால் விலங்கின் தோல் என்பது மட்டும்தான். தோலின் எந்தப் பகுதி என்று அதில் இல்லை. மாட்டுத்தோலின் மேற்பரப்பில், மயிர்த் துவாரங்கள் இருக்கும் பக்கத்தில், நார்கள் மிக நெருக்கமாகப் பின்னியிருக்கும். கீழே போகப் போகத் தளரும். மேற்பரப்பை உரசாமல் அப்படியே விட்டால் அது ஃபுல் கிரெய்ன். மாடு வேலியில் கீறிய தழும்பு, பூச்சி கடித்த புள்ளி எல்லாம் அதில் தெரியும். அந்தக் குறைகளை மறைக்க மேலே மெல்ல உரசிப் பூச்சுக் கொடுத்தால், கடைகளில் டொப் கிரெய்ன் என்பார்கள். அழகாக ஒரே சீராக இருக்கும், கறையும் எளிதில் பிடிக்காது, ஆனால் வயது ஏற ஏற மெருகு கூடுவது அதில் குறைவு. மேலடுக்கைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கீழ்ப்பகுதி ஸ்பிளிட். அதன்மேல் பூச்சடித்து, தோல் வரியை அச்சாகக் குத்தி விற்கும் பொருட்களில்தான் 'ஜெனுயின்' முத்திரையை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தோல் தூளையும் துண்டுகளையும் பசையில் குழைத்துத் தாளாக்கியது பொண்டட் லெதர். அதைப் பெல்ட்டாக வாங்கவே வேண்டாம்.

கடையில் நான் முதலில் பார்ப்பது வெட்டிய ஓரத்தை. ஓரத்தில் சாயம் தடித்துப் பூசியிருந்தால் உள்ளே என்னவென்று தெரியாது. அப்போது பட்டியின் துளைக்குள் பார்ப்பேன். நல்ல தோலில் மேலிருந்து கீழ்வரை ஒரே நார்க்கட்டு தெரியும். சாண்ட்விச் போல அடுக்கு தெரிந்தால் திருப்பி வைத்துவிடுவேன். அடுத்தது, பெருவிரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடி, விட்டதும் மறையும். துவாரங்கள் ஒழுங்கில்லாமல் இருந்தால் நல்லது. ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. மணத்தை நம்ப வேண்டாம், மணத்தையும் பூசி விற்கிறார்கள்.

பெரியமேட்டுக் கடைக்காரர் வேறொன்றும் காட்டினார். ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு துண்டுகளைக் குறுக்கே வெட்டினார். ஒன்றின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம், மற்றதில் உள்ளும் புறமும் பழுப்பு. முதலாவது குரோமியம் உப்பில் பதனிட்டது. உலகில் விற்கும் தோலில் பெரும்பங்கு அந்த வகைதான். ஒரு நாள், இரண்டு நாளில் பதனிடும் வேலை முடிந்துவிடும், மென்மையாக இருக்கும், தண்ணீரையும் கூடுதலாகத் தாங்கும். இரண்டாவது மரப்பட்டையில் வாரக்கணக்காக ஊறியது, என் பையும் அந்த வகைதான். தமிழ்நாட்டுத் தோல்காரர்கள் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் போட்டுத்தான் பதனிட்டார்கள். ஆவாரை எது என்றால், நாம் இங்கே ரணவரா என்று வாங்கி அவித்துக் குடிக்கிறோமே, அதே செடிதான். அதைக் கேட்டதும் எனக்குப் பை மீது ஒரு சொந்தம் வந்துவிட்டது. 4,200 இந்திய ரூபா, அன்றைய கணக்கில் எங்கள் காசில் ஒன்பதாயிரத்துக்குக் கிட்ட. அந்த மாதம் அது எனக்குப் பாரமான செலவு.

நாலு வருடத்தில் தோள்பட்டியின் தையல் விட்டது. கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் சப்பாத்துத் தைக்கும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். மெழுகு தடவிய நூலைக் கோத்து, பழைய துளையிலேயே ஊசியை இறக்கினார். ஒவ்வொரு தடவையும் ஊசி உள்ளே போகும்போது தோல் அதை இறுக்கிப் பிடிக்க, அவர் கட்டைவிரலால் தள்ளி மறுபக்கம் குறட்டால் இழுத்தார். "ஊசி இறங்கேக்கயே தெரியுது தம்பி, இது நல்ல தோல். மற்றதுகள் துளையோட கிழிஞ்சு வரும்" என்றார். பக்கத்தில் கிடந்த வேறொரு பையின் கைபிடியை எடுத்துக் காட்டினார். தையல் வரிசை முழுவதும் தபால் முத்திரையின் ஓரம் போலப் பிய்ந்திருந்தது. இருபது நிமிடம், 300 ரூபா. அந்தத் தையல் இன்றுவரை அசையவில்லை.

சரி, இப்போது பராமரிப்பு. பையோடு வந்த சின்னத் துண்டுச்சீட்டில் 'தோல் வறண்டுவிடாமல் அடிக்கடி கிரீம் தடவவும்' என்று இருந்தது. அது குளிரும் வறட்சியும் உள்ள ஊர்களுக்குச் சரி. கொழும்பில் தோல் வறண்டு சாவது அபூர்வம், பெரும்பாலும் ஈரத்தில்தான் சாகிறது. காற்றின் சார்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் வளரத் தொடங்கும். என் அறையில் தொங்கும் ஈரப்பதமானி வருடத்தின் பெரும்பகுதி 75க்கும் 85க்கும் இடையில்தான் நிற்கிறது.

இது தெரியாமல் முதல் வருடம் நான் செய்த பிழை தேங்காயெண்ணெய். பெரியம்மா சொன்னார் என்று துணியில் தொட்டு நன்றாகத் தேய்த்தேன். முதல் நாள் பளபளப்பு. அப்புறம் திட்டுத் திட்டாகக் கருத்தது, தூசு ஒட்டியது, உள்ளே வைத்த கடதாசிகளில் எண்ணெய் ஊறியது. அதே வருடம் ஒக்டோபரில் மூன்று வாரம் யாழ்ப்பாணம் போனபோது, பையைப் பத்திரமாக வைக்கிறேன் என்று பொலித்தீன் பைக்குள் கட்டி அலுமாரியில் வைத்தேன். திரும்பி வந்து திறந்தபோது மக்கிய வாடை. பட்டியிலும் மூடியின் அடியிலும் சாம்பல்பச்சையில் மயிர் மயிராகப் பூஞ்சணம், எண்ணெய் கூடுதலாக ஊறிய இடங்களில் இன்னும் அடர்த்தியாக.

அதை எடுத்தது இப்படி: பல்கனிக்குக் கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷால் துடைத்தேன். வீட்டுக்குள் செய்தால் வித்துகள் அலுமாரி முழுக்கப் பரவும். பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்து, முதலில் அடிப்பக்கத்தில் நிறம் போகிறதா என்று பார்த்துவிட்டு, மேலெல்லாம் ஒற்றி எடுத்தேன். இரண்டு நாள் நிழலில், மின்விசிறிக் காற்றில். அலுமாரியையும் துடைத்தேன். மூடியின் அடியில் ஒரு மங்கல் தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

தோலின்மேல் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சணம் இல்லை. தோலுக்குள் இருக்கும் கொழுப்பும் சில நேரம் வெளியே வந்து மாவு போலப் படியும். முடி உலர்த்தியைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சணம் மறையாது.

அதன் பிறகு என் வழக்கம் மிகவும் எளிது. பை அலுமாரிக்குள் போவதே இல்லை. கதவுக்குப் பின்னால், காற்றோட்டம் உள்ள கொளுக்கியில் தொங்குகிறது. பாவிக்காத தோல் சப்பாத்தைப் பருத்தித் துணிப்பையில் போட்டு, பத்து நாளுக்கு ஒரு தடவை வெளியே எடுத்து வைப்பேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மூடி இறுகிய பெட்டிக்குள் உதவும். திறந்து மூடும் அலுமாரியில் சில நாட்களிலேயே ஈரம் குடித்து நிரம்பிவிடும், பிறகு வெறும் பொட்டலம்தான். தோளில் படும் பட்டியை வாரத்துக்கு ஒரு தடவை ஈரத்துணியால் துடைக்கிறேன், வியர்வை உப்பு தோலை விறைக்க வைக்கும். கிரீம் வருடத்துக்கு இரண்டு தடவை, ஒரு சுண்டைக்காய் அளவு. சவர்க்காரம் போடுவதில்லை. தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை உள்ளது, சவர்க்காரம் அதற்கு எதிர்.

மழையில் நனைந்தால் ஒற்றித் துடைத்து, உள்ளே பழைய துவாயைச் சுருட்டி வைத்து, மின்விசிறியின் கீழ் விடுவேன். ஒரு மூலை மட்டும் நனைந்து வளையமாகக் கறை வரும் போலிருந்தால், அந்தப் பக்கம் முழுவதையும் ஈரத்துணியால் சீராகத் துடைத்துவிட்டுக் காயவிட வேண்டும். வெயிலில் வைக்கவே கூடாது. ஈரத் தோல் சூட்டில் சுருங்கி, காய்ந்ததும் பலகை மாதிரி விறைக்கும். ஒரு சோடிச் சப்பாத்தை மத்தியான வெயிலில் அப்படித்தான் இழந்தேன்.

பித்தளைக் கொளுவியைச் சுற்றி வரும் பச்சைப் பிசினைப் பல்குச்சியால் சுரண்டிக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். தோலின் கொழுப்பும் பித்தளையின் செம்பும் சேர்ந்து வருவது அது.

இப்போது பட்டியில் கொளுவி மாட்டும் துளை நீண்டு முட்டை வடிவமாகிவிட்டது. அந்த இடத்தில் தோலும் மெலிந்திருக்கிறது. போன கிழமை அதே ஐயாவிடம் காட்டினேன். பெல்ட்டுக்கு எடுக்கும் மூன்றரை மில்லிமீற்றர் தோலில் புதிய பட்டி வெட்டலாம் என்றார். நிறம் வெளிறித்தான் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்று அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.