பாங்காக்கில் மூன்று இரவு: ஓடுகிறவர் எந்தப் பூங்கா பக்கம் அறை போடுவது?

பாங்காக்குக்கு மூன்று நாள் போகிறவர்கள் மால், ஸ்கை டிரெயின், சாப்பாடு இவற்றை வைத்துத்தான் ஓட்டல் தேடுவார்கள். தினமும் ஓடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு: அறையிலிருந்து பூங்கா வாசலுக்கு நடந்து போக எத்தனை நிமிடம்? ஏழு மணிக்கெல்லாம் அங்கே சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதற்குள் ஓடி முடிக்க வேண்டும். மெட்ரோவோ அவ்வளவு சீக்கிரம் வராது.

முதல் முறை போனபோது ஆற்றங்கரைப் பக்கம் அறை போட்டேன். பூங்கா பக்கத்தில்தான் என்று போட்டிருந்தார்கள். பக்கம்தான், டாக்சியில். ஓடி முடித்துச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து ஏறியபோது, டிரைவர் ஒன்றும் சொல்லாமல் பின் சீட்டில் செய்தித்தாளை விரித்தார். அவர் மேல் தப்பில்லை. இன்னொன்றும் உண்டு. பாங்காக் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே ஐந்து மணி என்றால் நம் உடம்புக்கு மூன்றரை. வழியில் போகும் ஒவ்வொரு நிமிடமும் தூக்கத்திலிருந்துதான் போகிறது.

சரி, போட்டியில் இருப்பவை மூன்று: லும்பினி, பெஞ்சகிட்டி, வடக்கே சத்துசக் சந்தைப் பக்கம் இருக்கும் ரயில் பூங்கா.

லும்பினி கிழவர். ஆறாம் ராமா மன்னர் 1925 வாக்கில் கொடுத்த நிலம், புத்தர் பிறந்த ஊரின் பெயர். சீலோம் சாலைப் பக்க வாசலில் மன்னரின் சிலை நிற்கும். உள்ளே ஒரு சுற்று 2.5 கி.மீ., நான்கு சுற்றினால் பத்து. கணக்குக்குக் கைக்கடிகாரம்கூட வேண்டாம், தூரத்தைத் தரையிலேயே குறித்திருக்கிறார்கள். நாலரை மணிக்குக் கதவு திறந்துவிடும். எல்லோரும் இடஞ்சுழியாகத்தான் ஓடுவார்கள். கோயிலில் சுற்றிப் பழகிய கால் முதல் நாள் கொஞ்சம் தடுமாறும். மாற்றி ஓடினால் திட்ட மாட்டார்கள். ஆனால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் சிரித்துக்கொண்டே ஒதுங்குவார்கள், அதுவே போதும்.

குளத்தோரம் பெரிய பெரிய நீர் உடும்புகள் கிடக்கும். சில சமயம் பாதையின் குறுக்கே படுத்திருக்கும். தாய் மொழியில் அதன் நேர்ப்பெயர் மோசமான வசைச்சொல் என்பதால் 'வெள்ளியும் தங்கமும்' என்று பொருள்படும் செல்லப்பெயரால் சொல்கிறார்கள். சுற்றிக்கொண்டு ஓடுங்கள், அது பாட்டுக்கு இருக்கும்.

காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்மா சட்டென்று நின்றார். நான் தாண்டி நாலு அடி போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் பூங்காவே நின்றிருந்தது. ஒரு பையன் தண்ணீர்ப் பாட்டிலை வாயருகே பிடித்தபடி, குடிக்காமல் நின்றான். பாட்டு முடிந்ததும் யாரோ பொத்தானை அழுத்தியதுபோல எல்லோரும் மறுபடி ஓடினார்கள். என் கடிகாரம் மட்டும் ஓய்வு நேரத்தையும் ஓட்டத்தில் சேர்த்துவிட்டது.

பெஞ்சகிட்டி அழகி. பழைய புகையிலை ஆலையின் நிலம். முதலில் ஏரியைச் சுற்றிய பகுதி, 2004இல் வந்தது. ஓடுவதற்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடம், ஒரு சுற்று சுமார் 2 கி.மீ. அதை ஒட்டிய வனப்பூங்கா 2022இல் திறந்தார்கள். சதுப்புக் குளங்கள், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னத் திட்டுகள், மேலே வளைந்து வளைந்து போகும் உயரப் பாதை. பக்கத்துக் கால்வாயின் அழுக்குத் தண்ணீரை அந்தச் சதுப்பே வடிகட்டுகிறது. பார்க்கத்தான் அது, ஓடுவதற்கு இல்லை. உயரப் பாதையில் ஐந்தடிக்கு ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார். ஏரித் தடத்தில் நிழல் குறைவு, வெயில் ஏறினால் தண்ணீரும் கண்ணாடிக் கட்டடங்களும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். ஆனால் மாலையில் இதற்கு ஈடு இல்லை. சூரியன் இறங்கிய பிறகு சுற்றிலும் விளக்கு எரிய, ஏரியோரம் மெதுவாக ஒரு ஐந்து கி.மீ. போனால் பகலெல்லாம் மாலில் நடந்த கால்வலிகூடத் தெரியாது.

ரயில் பூங்காவை நான் கடைசியில்தான் வைப்பேன். ரயில்வேயின் பழைய கோல்ஃப் மைதானம். சுற்று பெரிது, சுமார் 3 கி.மீ., கூட்டம் குறைவு, பக்கத்திலேயே இன்னும் இரண்டு பூங்கா. நீண்ட ஓட்டம் ஓடுகிறவருக்கு மூன்றிலும் இதுதான் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று நாள் விடுமுறையில் மீதி ஊரெல்லாம் தெற்கே இருக்கும். டான் முவாங் விமான நிலையத்தில் இறங்கி, சனி ஞாயிறு சத்துசக் சந்தையையும் பார்க்கிற திட்டம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் ஒரு இரவு போடலாம்.

ஆக, நிஜப் போட்டி முதல் இரண்டுக்கும்தான். அதிலும் பாதிப் போட்டியை ஒரு பாலம் தீர்த்துவிடுகிறது. இரண்டு பூங்காவையும் இணைக்கும் பச்சைப் பாலம் 1.3 கி.மீ.; வீடுகளின் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே, ஒரு சிக்னல்கூட இல்லாமல் போகலாம். லும்பினியில் இரண்டு சுற்று, பாலம், பெஞ்சகிட்டி ஏரி ஒரு சுற்று, மறுபடி பாலம்: கூட்டிப் பார்த்தால் பத்துக்குக் கொஞ்சம் குறையும். அதனால் படுக்கை லும்பினிப் பக்கம், சீலோமிலோ சாலா டேங்கிலோ இருக்கட்டும் என்பேன். காலை ஓட்டம் வாசலிலேயே, மாலைக்குப் பாலம். கூட வருகிறவர் ஓடாதவர், கடை கண்ணி வேண்டும் என்கிறவர் என்றால் மட்டும் பெஞ்சகிட்டிப் பக்கம், அசோக்கில் போடுங்கள். வீட்டு அமைதியும் முக்கியம்.

ஏப்ரலில் எந்தப் பூங்காவானாலும் வேகத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஜனவரி, பிப்ரவரியில் குளிர்ச்சி இருக்கும், புகையும் இருக்கும். காற்றுத்தர எண்ணைப் பார்த்துவிட்டு ஷூ கயிறு கட்டுங்கள். ஷூவைப் பற்றிச் சொன்னதால்: ஒரே ஜோடியை எடுத்துப்போனால் மறுநாள் காலை ஈரத்தோடுதான் போட வேண்டும். நான் இரவில் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்துவைக்கிறேன். டாக்சிக்காரர் விரித்ததைப் பார்த்து வந்த யோசனை.

அப்புறம் சாப்பாடு. ஓடி முடித்ததும் தெருவில் ஜோக் கிடைக்கும். குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி, மேலே இஞ்சிச் சீவல். பெரும்பாலும் பன்றி இறைச்சி உருண்டை போட்டுத்தான் தருவார்கள். சைவக்காரர்கள் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையைத் தேடிப் போய் 'ஜே' என்று கேளுங்கள். அதுவும் அமையாவிட்டால் சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் பக்கம் நடந்தால் நம் ஊர்ச் சாப்பாடு கண்ணில் படும். குளித்துவிட்டுப் போங்கள்.