பாலில்லாத சாக்லேட் ஸ்மூத்தி: நெடுநாள் பழக்கத்தில் நின்றவையும் கழிந்தவையும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாவரப் பொருள்களை மட்டும் கொண்டு வீட்டில் அடிக்கும் சாக்லேட் ஸ்மூத்தி காலை உணவின் இடத்தில் நிற்கக்கூடியதுதான். ஆனால் அதைத் தாகத்துக்குக் குடிக்கும் பானமாக எண்ணினால் கணக்கு உதைக்கும். சாப்பாடாக எண்ணி அளந்து போட்டால்தான் ஒத்துவரும். வெகுகாலமாகப் பெரும்பாலான காலைகளில் இதுதான் என் உணவு. ஆரம்பத்தில் மிக்ஸி ஜாரில் விழுந்தவற்றில் பாதி இப்போது விழுவதில்லை. எது நின்றது, எது கழிந்தது, ஏன் என்று எழுதிவைக்கிறேன்.

என் இப்போதைய அளவு இது: இனிப்புச் சேர்க்காத சோயாப் பால் 250 மில்லி, நன்கு கனிந்து உறையவைத்த நடுத்தர வாழைப்பழம் ஒன்று, இனிப்பில்லாத கோகோ தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, வேர்க்கடலை வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றிலிருந்து ஏறத்தாழ 350 கலோரியும் 14 முதல் 15 கிராம் புரதமும் 8 அல்லது 9 கிராம் நார்ச்சத்தும் கிடைக்கின்றன. காலையில் குடித்தால் மதியம்வரை வயிறு கேட்பதில்லை.

சத்தான ஸ்மூத்தி என்று பரவலாகச் சொல்லப்படும் செய்முறைகளை இதனோடு வைத்துப் பாருங்கள். இரண்டு வாழைப்பழம், மூன்று பெரிய பேரீச்சம்பழம், இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய், 40 கிராம் ஓட்ஸ், பாதாம் பால். ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான், குறை சொல்ல முடியாது. கூட்டினால் 800 கலோரியை நெருங்குகிறது. சர்க்கரை மட்டுமே 75 கிராமுக்கு மேல். இவ்வளவுக்கும் புரதம் 17 கிராம் அளவில்தான் நிற்கிறது. கலோரி இரட்டிப்புக்கு மேல் ஏறியும் புரதத்தில் கூடியது இரண்டு மூன்று கிராம்தான். உடல் எடை கூட வேண்டியவர்களுக்கும் கடுமையாக ஓடி ஆடுபவர்களுக்கும் இது பொருந்தும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எனக்கு அது இரண்டு வேளைச் சாப்பாடு.

இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு எந்தப் பாலை ஊற்றுகிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு கோப்பை சோயாப் பாலில் 7 அல்லது 8 கிராம் புரதம் உண்டு. ஓட்ஸ் பாலில் 2, 3 கிராம். கடையில் கிடைக்கும் பாதாம் பாலில் பெரும்பாலும் ஒரு கிராம்தான், ஏனென்றால் அதில் பாதாமைவிடத் தண்ணீரே மிகுதி. சுவையை மட்டும் பார்த்தால் ஓட்ஸ் பாலுக்குத்தான் என் ஓட்டு. சாக்லேட்டோடு அது குழைகிற விதமே வேறு. ஆனாலும் காலை உணவாகக் குடிக்கும்போது சோயாவை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சோயாவின் பச்சை வாடை பிடிக்காது என்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்த வாடையைக் கோகோவைப் போல வேறெதுவும் மறைப்பதில்லை. சோயாப் பாலைத் தனியாக ஒரு மிடறுகூட விழுங்காத என் வீட்டார் இதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

பால் பெட்டியைப் பற்றி இன்னும் ஒன்று. சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் பி12ம் சேர்க்கப்பட்டதா என்று பெட்டியின் மேல் பார்த்து வாங்குங்கள். முழுக்கத் தாவர உணவில் இருப்பவர்களுக்குப் பி12 இப்படிச் சேர்க்கப்பட்ட உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோதான் வர வேண்டும். எந்தப் பழமும் விதையும் அதைத் தராது. சேர்க்கப்பட்ட சுண்ணாம்புச்சத்து அடியில் படிந்துவிடும் என்பதால் ஊற்றுவதற்கு முன் பெட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் ஊற்றுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கிய சத்தைப் பெட்டியோடு குப்பையில் போடுகிறார்கள்.

இனி கோகோ. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சந்தையில் இரண்டு வகைத் தூள் உண்டு. ஒன்று இயல்பான கோகோ: வெளிர் பழுப்பு நிறம், சற்றே புளிப்பு, கூர்மையான கசப்பு. மற்றொன்று காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்தை முறிக்கும் காரப்பொருள்) சேர்த்துப் பக்குவப்படுத்தியது. 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்திலிருந்து வந்த முறை என்பதால் டச்சுக் கோகோ என்று பெயர். இது கருத்த நிறம், மென்மையான சுவை, புளிப்பே இல்லை. கண்ணுக்கும் நாக்குக்கும் டச்சுக் கோகோவே வெல்லும். கொஞ்சம் போட்டாலும் ‘சாக்லேட்’ என்று உரக்கச் சொல்லும். ஆனால் இரத்த நாளங்களுக்கு நல்லது என்று கோகோவின் பெருமையாகப் பேசப்படும் ஃபிளவனால் என்ற சேர்மங்களில் பெரும்பகுதி அந்தக் காரத்தில் அழிந்துவிடுகிறது. பொட்டலத்தின் பின்புறம் காரம் சேர்த்துப் பதப்படுத்தியது என்றோ அமிலத்தன்மை சீராக்கி என்றோ ஏதேனும் இருந்தால் அது டச்சு வகை. நான் இயல்பான தூளுக்கு மாறிப் பல மாதங்கள் ஆகின்றன. முதல் சில நாள்கள் நாக்கு முரண்டு பிடித்தது, பிறகு பழகிவிட்டது. உப்பு ஒரு சிட்டிகை போடுவது அந்தக் கசப்பை அடக்கத்தான். கசப்பு உறுத்துகிறது என்று சர்க்கரையைக் கூட்டும் முன் உப்பை முயன்று பாருங்கள்.

சூடு காட்டாத கோகோ என்று சொல்லி ‘பச்சை கக்காவோ’ என்ற பெயரில் விற்பதற்குத் தனி மரியாதை தரத் தேவையில்லை என்பது என் கருத்து. கோகோ விதைகள் நொதிக்கும்போதே குவியலின் வெப்பம் 45, 50 டிகிரி செல்சியஸ்வரை ஏறும். அதற்குப் பிறகு ‘பச்சை’ என்பது விற்பனைக்காரரின் சொல்தான்.

ஃபிளவனாலைப் பற்றிப் பேசினால் வாழைப்பழத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், அது பலருக்கு உவப்பாக இருக்காது. வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் கறுக்கச்செய்யும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஃபிளவனால்களையும் சிதைக்கிறது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஃபிளவனாலை வாழைப்பழ ஸ்மூத்தியோடு உட்கொண்டவர்களின் உடலில் சேர்ந்த ஃபிளவனாலின் அளவு, மாத்திரையாக விழுங்கியபோது சேர்ந்ததைவிட 84 விழுக்காடு குறைவாக இருந்தது. பெர்ரிப் பழங்களில் அடித்த ஸ்மூத்தியில் அப்படிக் குறையவில்லை. முன்கூட்டிக் கலக்காமல் இரண்டையும் ஒரே நேரத்தில் உட்கொண்டாலும் இழப்பு இருந்தது. அதாவது வயிற்றுக்குள்ளும் நொதி தன் வேலையைத் தொடர்கிறது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், காரணம் தெளிவாக இருக்கும் முடிவு இது. பழத்தை உறையவைத்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். குளிரில் நொதி அடங்கியிருக்குமே தவிர அழியாது.

அப்படியானால் வாழைப்பழத்தை விட்டுவிட்டேனா? இல்லை. நான் இதைக் குடிப்பது பசிக்கும் நார்ச்சத்துக்கும் புரதத்துக்கும். கோகோவின் மெக்னீசியத்தையும் நார்ச்சத்தையும் அந்த நொதி தொடுவதில்லை. ஃபிளவனால் எனக்குக் கூடுதல் வரவு, அவ்வளவுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் இரத்த நாளங்களின் இயல்பான விரிவுக்கு உதவும் என்று ஏற்றுக்கொண்ட அளவு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால். சாதாரணத் தூளின் பொட்டலத்தில் எவ்வளவு ஃபிளவனால் இருக்கிறது என்றே போடுவதில்லை. தெரியாத வரவுக்காகத் தெரிந்த சுவையை இழப்பானேன்? இதயத்தை எண்ணித்தான் குடிக்கிறேன் என்பவர்கள் வாழைப்பழத்துக்குப் பதில் உறைந்த பெர்ரியும் மென்மையான டோஃபுவும் (சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி) போட்டு அடிக்கலாம். வாரத்தில் ஓரிரு நாள் நானும் அப்படிச் செய்கிறேன். சற்றுப் புளிப்பாக, பழச் சாக்லேட் போல இருக்கும். வழவழப்புக்காக அவகாடோ போடுவோருக்கு ஒரு வார்த்தை: அதுவும் வெட்டினால் கறுக்கும் பழம், அதே நொதி அதிலும் உண்டு.

கோகோ தூள் கட்டி கட்டியாக மிதக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். தூளின் துகள்களில் கொழுப்பு ஒட்டியிருப்பதால் குளிர்ந்த நீர்மம் உள்ளே புகுவதில்லை. இரண்டு மூன்று கரண்டி வெந்நீரில் தூளைக் குழைத்துக் களிம்பாக்கிவிட்டு ஊற்றினால் போதும். மணமும் இன்னும் திறக்கிறது. இந்த ஒரு நிமிட வேலையை நான் தவிர்ப்பதே இல்லை.

இனிப்புக்குக் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒன்றே போதும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய நிலை அதுதான். தோலை உரித்து, வில்லைகளாக அரிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்துப் பிறகு டப்பாவில் சேர்த்துவிடுவேன். முழுப்பழமாக உறையவைத்தால் கல்லாகிவிடும், மிக்ஸியின் பிளேடு திணறும். பேரீச்சம்பழம் என் கணக்கில் விருந்தாளிகளுக்கானது. ஒரு பெரிய பழத்தில் 16 கிராம் சர்க்கரை. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைக்காவிட்டால் நார்நாராகப் பல்லில் மாட்டும்.

சியா விதையை வெகுநாள் போட்டுப் பார்த்தேன். சத்தில் குறையில்லை: 28 கிராமில் சுமார் 10 கிராம் நார்ச்சத்து, 5 கிராம் அளவு ஒமேகா 3. ஆனால் தன் எடையைப் போலப் பத்து மடங்கு நீரை உறிஞ்சும் அது, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தொலைபேசி அழைப்பைப் பேசி முடிப்பதற்குள் ஸ்மூத்தியைக் கூழாக்கிவிடுகிறது. நான் மெதுவாகக் குடிக்கிறவன். ஆளி விதை அந்த அளவுக்குக் கெட்டிப்படுவதில்லை. அதைப் பொடித்துத்தான் போட வேண்டும். முழு விதை பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். பொடித்ததும் விரைவில் சிக்கெடுக்கும் என்பதால் சிறிது சிறிதாகப் பொடித்துக் குளிர்ப்பெட்டியில் வைப்பது நல்லது.

புரதப் பொடியும் வந்தது, போனது. செயற்கை இனிப்பின் பின்சுவை எனக்கு ஒத்துவரவில்லை. சோயாப் பால் இருக்கும்போது தேவையும் இல்லை.

பாலக்கீரையைக் கோகோவுக்குள் ஒளித்துவைக்கும் தந்திரம் சுவையில் பலிக்கிறது, நிறம்கூடத் தெரியாது. இருந்தும் நிறுத்திவிட்டேன். கீரையிலும் கோகோவிலும் சிறுநீரகக் கல்லுக்கு இடம்தரக்கூடிய ஆக்சலேட் என்ற சேர்மம் மிகுதி, வேர்க்கடலையிலும் உண்டு. எல்லாம் ஒரே கோப்பையில், அதுவும் நாள்தோறும் சேர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தப் பானத்தையே மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. கோகோவில் இரும்புச்சத்து ஏராளம் என்று எழுதுகிறார்கள். காகிதத்தில் உண்மைதான், நூறு கிராமில் 13 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் நாம் போடுவது எட்டு கிராம். அதிலுள்ள பாலிஃபீனால்களே (ஃபிளவனாலும் இந்த வகைதான்) இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கவும் செய்யும். என் இரும்புக் கணக்கில் இதைச் சேர்ப்பதில்லை.

கோகோவின் அளவை ஒன்றரைக் கரண்டியோடு நிறுத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோகோ மரம் மண்ணிலுள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தை உறிஞ்சி விதையில் சேர்க்கிறது. ஈயம் பெரும்பாலும் அறுவடைக்குப் பின், விதைகள் திறந்தவெளியில் காயும்போது புழுதியோடு வந்து ஒட்டுகிறது. நேரடியாக விற்கும் கோகோ தூளில் காட்மியம் கிலோவுக்கு 0.60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 முதல் நடப்பில் இருக்கிறது. பீதியடைய ஒன்றுமில்லை. தினமும் நாலைந்து கரண்டி அள்ளிப் போடாமல், ஒரே நிறுவனத்தின் தூளையே ஆண்டுக்கணக்கில் வாங்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

மிக்ஸி பற்றிச் சுருக்கமாக. விலையுயர்ந்த பிளெண்டர் தேவையே இல்லை. முதலில் நீர்மம், அடுத்து தூளும் வெண்ணெயும், கடைசியில் உறைந்த பழம் என்ற வரிசை முக்கியம். விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரும் சூடாகும், ஸ்மூத்தியும் இளகும். ஊற்றிய கையோடு ஜாரில் வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் கழுவும் வேலை முடிந்தது. காயவிட்டால் கோகோவும் ஆளி விதையும் சேர்ந்து பசைபோல் ஒட்டிக்கொள்ளும். மூடியின் ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால் எவ்வளவு நல்ல பொருள் போட்டாலும் புளித்த வாடை வரும்.

இரவே அடித்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், மறுநாள் காலையில் கெட்டுப்போயிருக்காது. பிரிந்து, கறுத்து, கெட்டியாக இருக்கும், கலக்கிக் குடிக்க வேண்டும். அதைவிட, உலர்ந்தவற்றை ஒரு டப்பாவிலும் பழ வில்லைகளை இன்னொன்றிலும் அளந்து வைத்துவிட்டுக் காலையில் அடிப்பது மேல்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க: சோயாவும் சுண்ணாம்புச்சத்தும் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும், இடைவெளி எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோகோவில் சிறிதளவு காஃபினும் அதைவிடப் பன்மடங்கு, காஃபினின் உறவான தியோப்ரோமினும் இருப்பதால் உறக்கம் மெலிந்தவர்கள் இதை இரவில் தொடாமல் இருக்கலாம். அதே தியோப்ரோமின் நாய்களுக்கு நஞ்சு. வீட்டில் நாய் இருந்தால் மீதியைத் தட்டில் ஊற்றி வைக்காதீர்கள், கோப்பையை நக்கவும் விடாதீர்கள்.