380 ரூபாய் அலாரம் கடிகாரம்: ஆறு மாதம் வைத்திருந்து எழுதுகிறேன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் நான்; பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கிற வேலை. பையர் ஜெர்மனியில். அங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரை. கிளம்புகிற நேரத்தில் ஒரு மெயில் தட்டிவிட்டுப் போவார்கள். அலாரத்துக்காகத் தலைமாட்டில் வைத்த போனில் ஒரு மணிக்கு நேரம் பார்க்கப் போய், 'லேப் டிப் ஷேடு சரியில்லை' (சாயம் போட்டு அனுப்பிய மாதிரித் துணியின் நிறம் சரியில்லை) என்பதைப் படித்துவிட்டால் அப்புறம் தூக்கம் ஏது? ஒருமுறை அந்தக் கலக்கத்திலேயே 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) துணிக்கு 160 ஜிஎஸ்எம் துணியின் ரேட்டை ஒத்துக்கொண்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போனை ஹாலுக்கு அனுப்பிவிட்டு, குமரன் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இந்தக் கடிகாரத்தை வாங்கினேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், ஒரு ஏஏ பேட்டரி. கியாரண்டி கேட்டதற்கு, "கடை இங்கயேதானுங்க இருக்கும், கொண்டாங்க" என்றார் கடைக்காரர்.

அலாரம் முள்ளை ஐந்தில் வைத்தால் ஐந்து நிமிஷம் முன்னே பின்னே அடிக்கும். ரயிலுக்குப் போகிற நாளில் நம்ப முடியாது. பன்னிரண்டு மணி டயல் என்பதால், பொத்தானை அமுக்க மறந்தால் சாயங்காலம் ஐந்துக்கும் கத்தும். பெரிய தொந்தரவு டிக் டிக்தான். "ஏனுங்க, இதைச் சமையல்கட்டுல கொண்டுபோய் வையுங்க" என்று முதல் நாளே வீட்டில் சொல்லிவிட்டாள். அடியில் பனியன் வேஸ்ட் துணியை நாலாக மடித்து வைத்தேன், சத்தம் பாதியானது.

இரண்டாவது வாரம் கடிகாரத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பினேன். மணி இரண்டு என்று தெரிந்தால், விடிய இன்னும் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுகிற மனசு இது.

இப்போது காபி குடித்து, அன்றைய வேலையை நோட்டில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் போனைத் தொடுகிறேன். ஆறு மணிக்கு நிதானமாகப் பதில் போட்டாலும், அவர்கள் ஆபீஸ் திறக்கையில் அது மேலே கிடக்கும். நான் ராத்திரி ஒரு மணிக்கு அடித்துப்பிடித்து அனுப்பியபோது அங்கே எட்டரை. படிக்க ஆபீஸில் ஆளே கிடையாது. இத்தனை வருஷம் அது உறைக்கவில்லை.

கட்டிங் மாஸ்டருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். டிக் டிக் ஆகாது என்று ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். சத்தமில்லாமல் முள் ஓடுகிற ரகமும் அதே கடையில் உண்டு, நூறு ரூபாய் கூட. லேசான தூக்கக்காரர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.