பர்ன்ஸ் நைட் விருந்துக்குக் கில்ட்: பல வருடம் உடுத்திய அனுபவம்

கில்ட் என்னும் ஸ்காட்லாந்து மடிப்புப் பாவாடையை வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் டார்டன் என்னும் கட்டம் போட்ட துணியின் நிறங்களைப் பார்ப்பார்கள், அடுத்து கோட்டைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது துணியின் எடையை. கிளாஸ்கோவுக்குக் குடிவந்த பிறகு கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளை ஒட்டி ஜனவரியில் நடக்கும் பர்ன்ஸ் விருந்துகளுக்கும், நடுவில் வரும் கல்யாணங்களுக்கும் ஒரே கில்ட்டைத்தான் உடுத்தி வருகிறேன். கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி, எட்டு கெஜம், கையால் தைத்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பின்பக்க மடிப்பு கத்தி முனைபோல் நிற்கிறது.

எடை ஏன் முக்கியம் என்பது விருந்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பேக்பைப் முழங்க, ஆட்டின் உள்ளுறுப்புகளும் ஓட்ஸும் சேர்த்துச் செய்யும் ஹாகிஸ் தட்டு உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவோம். ஒருவர் ‘ஹாகிஸுக்கு’ என்று பர்ன்ஸ் எழுதிய கவிதையை முழங்கி, உரிய வரி வந்ததும் கத்தியைச் செருகுவார், ஆவி குபுகுபுவென்று கிளம்பும். அதன்பின் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் மசித்து வைத்த சாப்பாடு, பர்ன்ஸ் நினைவுரை, பெண்களுக்கான வாழ்த்து, பெண்கள் தரும் பதில் என்று மணிக்கணக்கில் நாற்காலியில்தான் இருப்போம். அது முடிந்ததும் ‘கேலி’ (ceilidh) எனப்படும் ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம். பாலி விஸ்கோஸ் என்ற செயற்கைத் துணியில் செய்த கில்ட் உடுத்தியவர்கள் எழுந்திருக்கும்போது பின்பக்கம் கசங்கிப் போயிருக்கும். கனமான கம்பளி எழுந்ததும் தன் எடையிலேயே கீழே விழுந்து மடிப்புக்குத் திரும்பிவிடும். உட்காரும் முன் ஒரு கையால் பின் மடிப்புகளை நீவிவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஜனவரிக் காற்றில் கார் நிறுத்தும் இடத்திலிருந்து மண்டபம் வரை நடக்கும்போதும் இந்தக் கனம் கைகொடுக்கும்.

குறையும் உண்டு. ‘ஸ்ட்ரிப் த வில்லோ’ என்ற வேகமான ஆட்டம் ஆடி முடிக்கும்போது வேர்த்துக் கொட்டும். ஆட்டம்தான் முக்கியம் என்பவர்கள் 13 அவுன்ஸ் எடுக்கலாம், அதிலும் மடிப்பு நன்றாகவே நிற்கும். அதற்கும் கீழே இறங்க வேண்டாம்.

அளவு எடுக்கும் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். கில்ட் கட்டும் இடம் பேண்ட் இடுப்பு இல்லை. தொப்புள் மட்டத்தில், இடுப்பெலும்புக்கு மேலே நிற்க வேண்டும். கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் முடிய வேண்டும். அந்த விளிம்பைப் புரட்டித் தைப்பதில்லை. தறியில் நெய்த கரையே விளிம்பாக நிற்கும். அதனால் நீளத்தைப் பிறகு சரிசெய்வது கஷ்டம். பேண்ட் அளவைச் சொல்லி இணையத்தில் வாங்கியவர்களுக்கு இடுப்பு இறங்கி, விளிம்பு முழங்காலை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தையற்காரரிடம் நேரில் நின்று அளவு கொடுப்பதே நல்லது. இடுப்புச் சுற்றளவு மாறினால் பயப்பட வேண்டாம். தோல் வாரும் பக்கிளும்தான் பிடிக்கின்றன, அவற்றை நகர்த்தித் தைத்தால் போதும். எனக்கும் அப்படிச் செய்து கொடுத்தார்கள்.

‘கிளான் (ஸ்காட்லாந்துக் குலம்) பெயர் இல்லாத நாம் உடுத்தலாமா’ என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக உடுத்தலாம். ராபர்ட் பர்ன்ஸ் 1759 ஜனவரி 25 அன்று ஆயர்ஷயரின் ஆலோவே கிராமத்தில் பிறந்த உழவர் மகன். தாழ்நிலக்காரர். கில்ட் மேட்டுநிலத்து உடை. அதையும் 1746 சட்டம் தடை செய்து, 1782-ல்தான் தடை நீங்கியது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்புக்குப் பிறகுதான் அது ஸ்காட்லாந்து முழுவதற்குமான விழா உடையாக வேரூன்றியது. ஆகவே பர்ன்ஸ் விருந்தில் யார் எந்த டார்டன் உடுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. பால்மோரல் டார்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது, அதை விட்டுவிடுங்கள். கிளாஸ்கோ, எடின்பரோ போன்ற ஊர்களுக்கே டார்டன் இருக்கிறது, வாழும் ஊரின் டார்டன் நல்ல தேர்வு. என்னுடையது பிளாக் வாட்ச். கருநீலம், பச்சை, கறுப்பு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரே இருட்டு நிறமாகத் தெரியும், பக்கத்தில் வந்தால்தான் கட்டங்கள் பிரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கோட்டில் பலரும் நேராக பிரின்ஸ் சார்லிக்குப் போகிறார்கள். முன்னால் குட்டையாக வெட்டி, மூன்று பொத்தான் வெயிஸ்ட்கோட்டும் போ டையும் சேர்ந்த கோட் அது. பார்க்க அழகு, ஆனால் மாலை விருந்தைத் தவிர வேறெங்கும் போட முடியாது. நான் எடுத்தது கறுப்பு ஆர்கைல். போ டை கட்டினால் விருந்துக்கு ஆகும், சாதா டை கட்டினால் பகல் கல்யாணத்துக்கும் ஆகும். ஒரே கோட்தான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் ஆர்கைல் எடுங்கள்.

கில்ட்டின் முன்னால் தொங்கும் பையான ஸ்போரனில் செமி டிரஸ் என்ற நடுத்தர அலங்கார வகை போதும். சீல் தோல் ஸ்போரன் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, 1972 சட்டப்படி அமெரிக்காவுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. மாட்டுத்தோலில் செய்ததே எனக்கு நன்றாக உழைக்கிறது. ஆடும்போது முன்னால் குதித்து அடிக்கும், அப்போது இடுப்புப் பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொள்ளலாம்.

கில்லி பிரோக் ஷூவுக்கு நாக்கு கிடையாது. நீளமான கயிற்றை முறுக்கிக் கணுக்காலில் சுற்றிக் கட்ட வேண்டும். இரட்டை முடிச்சு போடாவிட்டால் இரண்டாவது ஆட்டத்திலேயே அவிழும். தோல் அடிப்பாகம் மண்டபத் தரையில் வழுக்கியதால் குதிகாலில் ரப்பர் ஒட்ட வைத்தேன், பிறகு பயமில்லை. நீளக் காலுறை வெள்ளையில் வேண்டாம், குழம்பு ஒரு துளி பட்டாலும் காட்டிக்கொடுக்கும். கரும்பச்சை எடுத்து, முழங்காலுக்குக் கீழே மூன்று விரல் இடைவெளி விட்டு மடியுங்கள். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு மடல்களில், கில்ட் ஊசியை மேல் மடலில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி இழுத்துக் கிழியும். காலுறையில் செருகும் ஸ்கீன் டூ கத்தியைத் தேசிய உடையின் பகுதியாக வைத்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் தருகிறது. விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்காதீர்கள்.

பராமரிப்பில் ஒரே எதிரி அந்துப்பூச்சி. விருந்து முடிந்த மறுநாள் பிரஷ் போட்டு, காற்றாட விட்டு, இடுப்புப் பட்டியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுகிறேன். கோடையில் உறைக்குள் செடார் கட்டையோடு இருக்கும். டிரை கிளீனிங் அபூர்வம். கொடுக்கும் முன் மடிப்புகளை நூலோட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

விலை கனம்தான். கையால் தைத்த எட்டு கெஜம் 500 பவுண்டைச் சுலபமாகத் தாண்டும். ஒரே ஒரு விருந்து என்றால் வாடகைக்கு எடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. வருடாவருடம் போகிறவர் என்றால் வாடகைக்குப் போகும் பணம் கொஞ்ச காலத்தில் கில்ட் விலையைத் தொட்டுவிடும். பட்ஜெட் இடித்தால் கோட்டையும் ஷூவையும் பழையதாக வாங்கிக்கொண்டு, கில்ட்டை மட்டும் புதிதாகத் தையுங்கள். நல்ல தையற்காரர்கள் வாரக்கணக்கில் நேரம் கேட்பார்கள். ஜனவரிக்கு வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே அளவு கொடுத்துவிடுங்கள்.